மலைக்காற்றும் படகு எஞ்சினும்: கார்புரேட்டரோடு சூப்பர்சார்ஜர் சேரலாமா?

நீர்கொழும்புக் களப்பில் நன்றாக ஓடிய பெற்றோல் எஞ்சின் படகு ஒன்றை லொறியில் ஏற்றி, நுவரெலியாவின் கிரகரி வாவியில் இறக்கினால் அதன் வேகம் குறைந்துவிடும். ஆட்களை ஏற்றினால் முன்புறம் தூக்கியபடியே நீரை உழுது செல்லும். நீரின் மேலெழுந்து வழுக்கிப் பாயத் திணறும். எஞ்சினில் பழுது எதுவும் இல்லை. அது இழுக்கும் காற்றுத்தான் மெலிந்துவிட்டது.

இப்படி இழந்த வலுவை எப்படி மீட்பது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. எஞ்சினுக்குக் காற்றை நெருக்கி ஊட்டும் சூப்பர்சார்ஜரைப் பொருத்துவதே வழி என்பது ஒரு தரப்பு. கார்புரேட்டர் கொண்ட படகு எஞ்சினில் அந்த வேலை ஆபத்தானது, பெரிய எஞ்சினையோ பொருத்தமான புரொப்பெல்லரையோ தேடுங்கள் என்பது மறுதரப்பு. இரண்டுக்கும் இடையில் பல நிலைப்பாடுகள் உள்ளன.

அக்கரப்பத்தனையைச் சூழ்ந்த மலைநாட்டுக்கு இது தொலைவான கேள்வி அல்ல. 1,200 மீட்டருக்கு மேல் விளைவதைத்தான் உயர்நிலத் தேயிலை என்கிறோம். அக்கரப்பத்தனைக் கொழுந்து அந்த வகை. இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆக்ரா ஓயாவின் நீர் கொத்மலை ஓயா வழியாகத் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைகிறது. ஒருபக்கம் 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உருவான கிரகரி வாவி. மறுபக்கம் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள். உயரத்தில் நிற்கும் நீர்ப்பரப்புகள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த நிலம் இலங்கையில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. கிரகரி வாவியில் வேகப் படகுகளும் ஜெட் ஸ்கீகளும் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுகின்றன. ஆகவே காற்று மெலிந்த இடத்தில் படகு எஞ்சினை என்ன செய்வது என்பதை இந்த நிலத்திலிருந்தே கேட்டுப் பார்க்கலாம்.

மலை எடுத்துக்கொள்வது எவ்வளவு

கிரகரி வாவியை ஒட்டிய நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல் மட்டத்தில் 1,013 மில்லிபாராக இருக்கும் காற்றழுத்தம், நியம வளிமண்டலக் கணக்கின்படி, இந்த உயரத்தில் ஏறக்குறைய 808 மில்லிபார். அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் எஞ்சினின் வலு அழுத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. காற்றின் அடர்த்தியையே நம்பி நிற்கிறது. நுவரெலியாவின் குளிர் இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது. 30 பாகை வெப்பத்தில் இருக்கும் கொழும்புக் காற்றோடு 16 பாகையில் இருக்கும் நுவரெலியாக் காற்றை ஒப்பிட்டால், அடர்த்திக் குறைவு 16 சதவீதம் அளவில் நிற்கிறது. எஞ்சின் இழக்கும் வலுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கார்புரேட்டர் எஞ்சினுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கார்புரேட்டர் காற்றின் எடையை அளப்பதில்லை. தன் கழுத்தில் காற்று விரைந்து ஓடும்போது ஏற்படும் அழுத்தக் குறைவைக் கொண்டு பெற்றோலை உறிஞ்சுகிறது. காற்று மெலியும்போது பெற்றோலும் குறைகிறது. ஆனால் அதே வீதத்தில் குறைவதில்லை. விளைவாக, மேலே குறிப்பிட்ட அடர்த்தி வேறுபாட்டில் கலவை சுமார் 9 சதவீதம் செறிந்துவிடும். கரும்புகை, கரி பிடித்த பிளக், மந்தமான ஓட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். மெலிந்த காற்று ஒரு இழப்பு, பொருந்தாத கலவை இன்னொரு இழப்பு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நடக்கும் விவாதங்களே பெரும்பாலும் முடிவில்லாமல் நீள்கின்றன.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அது படகுக்கே உரியது. மலையேறினால் காற்று மெலிகிறது, தண்ணீர் மெலிவதில்லை. விமானத்தின் புரொப்பெல்லர் சுழலும் காற்றும் மெலிவதால் அதன் சுமை எஞ்சினோடு சேர்ந்தே குறைகிறது. படகின் புரொப்பெல்லருக்கு அந்தச் சலுகை இல்லை. கடலோரத்தில் எவ்வளவு பாரமாக இருந்ததோ, கிரகரி வாவியிலும் நீர் அவ்வளவே பாரம்.

கேள்வி வந்த வழி

நெருக்கிய காற்றின் கதை எஞ்சினுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதி, உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றுத் தரவே பயன்பட்டது. கொட்லீப் டைம்லர் 1885இலேயே எஞ்சினுக்குக் காற்றை நெருக்கி ஊட்டும் எண்ணத்தைக் காப்புரிமையில் பதிந்தார். 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி, வெளியேறும் புகையின் வலுவாலேயே காற்றை நெருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று டர்போ என்று நாம் சொல்வதன் மூலம் அதுவே.

மலையையும் கார்புரேட்டரையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முதல் பெரும் சோதனை 1918இல் நடந்தது. கொலராடோவின் பைக்ஸ் சிகரத்தில், 4,300 மீட்டர் உயரத்துக்கு, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்போர்ட் மொஸ் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொண்டு சென்றார். தாழ்நிலத்தில் 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின் சிகரத்தில் 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 ஆனது. மலை எடுத்ததை மீட்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அப்போது இல்லை.

அதே லிபர்ட்டி எஞ்சின் விரைவில் தண்ணீரிலும் இறங்கியது. முதலாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய லிபர்ட்டிகளை வாங்கிப் படகுக்கு மாற்றியமைத்த படகுப் பந்தய வீரர் கார் வூட், 1920இல் ‘மிஸ் அமெரிக்கா’ படகைக் கொண்டு ஹார்ம்ஸ்வர்த் படகுப் பந்தயக் கிண்ணத்தை வென்றார். 1932இல் அவரது ‘மிஸ் அமெரிக்கா X’ நான்கு சூப்பர்சார்ஜ் செய்த பக்கார்ட் எஞ்சின்களோடு மணிக்கு 124.86 மைல் வேகத்தைத் தொட்டது.

இலங்கையும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலை வாவியிலிருந்து விமானி லெனார்ட் பேர்ச்சல் ஓட்டிச் சென்ற கட்டலீனா பறக்கும் படகுதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு தகவல் அனுப்பியது. அதன் இரண்டு பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களும் தலா 1,200 குதிரைவலு கொண்டவை. கார்புரேட்டரும், அதை அடுத்துப் பற்சக்கரத்தால் சுழலும் சூப்பர்சார்ஜரும் கொண்டவை. படகின் உடலோடு நீரில் இறங்கும் வாகனத்தில் இவ்விரண்டும் சேர்ந்து நாள்கணக்கில் உழைக்கும் என்பதற்கு இந்தத் தீவின் வாவியே சாட்சியாயிற்று. ஆனால் அங்கே ஒவ்வொரு பயணத்துக்கும் பின் எஞ்சினைப் பார்க்கப் பயிற்சி பெற்ற விமானப்படைத் தொழில்நுட்பவியலாளர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முதல் நிலைப்பாடு: மலைக்கேற்றபடி படகைத் திருத்து

மிகப் பழையதும் செலவு குறைந்ததுமான விடை இது. கார்புரேட்டரில் பெற்றோல் வரும் துளையான ஜெட்டைச் சிறிதாக்கிக் கலவையைச் சரிசெய். புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரமான பிட்சைக் குறைத்து எஞ்சினைத் தன் உரிய சுற்றுக்கு வரவிடு. உயரமான ஏரிகளில் படகோட்டுவோருக்கு உற்பத்தியாளர்கள் வழமையாகத் தரும் அறிவுரையும் இதுவே.

இதன் பின்னுள்ள கணக்கு எளிது. படகு கேட்கும் வலு, சுற்றெண்ணிக்கையின் மும்மடிப் பெருக்கத்தைத் தழுவி ஏறுகிறது என்று கொள்வது வழக்கம். அதன்படி 16 சதவீத வலு இழப்பு, முழுச் சுற்றில் சுமார் 6 சதவீதக் குறைவாகத் தெரியும். 5,000 சுற்று ஓடிய எஞ்சின் 4,700 சுற்றில் நின்றுவிடும். எண்ணில் இது சிறிதாகத் தெரிந்தாலும், முழு துரொட்டிலில் சுற்று ஏறாமல் நீண்ட நேரம் இழுக்கும் எஞ்சின் சூடேறித் தேய்கிறது. பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் இந்தச் சுமையை இறக்கிவிடுகிறது. ஆட்களோடு படகு நீரின் மேல் எழவும் உதவுகிறது.

இந்த நிலைப்பாட்டின் எல்லையும் தெளிவானது. கலவையால் வந்த இழப்பை இது முழுமையாக மீட்கிறது. காற்றால் வந்த இழப்பை மீட்பதில்லை, அதோடு இசைந்து வாழக் கற்றுத்தருகிறது. சிறிய பிட்சில் உச்ச வேகம் குறையும். மலைக்கும் கடலுக்கும் மாறி மாறிச் செல்லும் படகுக்கு ஒவ்வொரு முறையும் ஜெட்டும் புரொப்பெல்லரும் மாற்ற வேண்டும். கீழே இறங்கும்போது மாற்ற மறந்தால் மெலிந்த கலவையில் பிஸ்டன் கருகும்.

இரண்டாம் நிலைப்பாடு: பெரிய எஞ்சினைப் பொருத்து

காற்றை நெருக்குவதற்குப் பதில் அதிகக் காற்றை இயல்பாக இழுக்கும் பெரிய எஞ்சினை வைப்பதே முறை என்பார் இத்தரப்பினர். இதற்கு மோட்டார் வரலாற்றில் புகழ்பெற்ற முன்மாதிரி உண்டு. 1920களின் இறுதியில் பென்ட்லி காருக்கு ரூட்ஸ் ஊதியைப் பொருத்தியபோது, நிறுவனத்தை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி அதை எதிர்த்தார். வேகம் வேண்டுமானால் சிலிண்டரின் கொள்ளளவைப் பெருக்குவதே சரி என்பது அவர் கொள்கை. ஊதி பூட்டிய கார் லெ மான் பந்தயத்தை ஒருபோதும் வெல்லவில்லை. ஆறரை லீற்றர் எஞ்சின் கொண்ட ‘ஸ்பீட் சிக்ஸ்’ 1929இலும் 1930இலும் வென்றது.

இதே சிந்தனையின் இன்றைய வடிவத்தைக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வந்திறங்கும் செஸ்னா கரவான் நீர்விமானங்களில் பார்க்கலாம். அவற்றின் டர்போபுரொப் எஞ்சின், அனுமதிக்கப்பட்ட வலுவைவிட அதிகம் தரக்கூடியதாகவே ஆக்கப்பட்டுள்ளது. தாழ்நிலத்தில் அந்த மிகுதி பயன்படுத்தப்படுவதில்லை. உயரத்தில் காற்று மெலியும்போது அந்தச் சேமிப்பே இழப்பை நிரப்புகிறது. முன்கூட்டியே பெரிதாக எடுத்து, தேவைப்படும் இடத்தில் செலவிடும் முறை இது.

பெரிய எஞ்சினின் பலவீனம் அதன் பாரம். பாரம் கூடிய படகு நீரின் மேல் எழ மேலும் வலு வேண்டும், பின்புறம் தாழும், பழைய அடித்தட்டும் தாங்குகட்டைகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நூற்றுக்கணக்கான கிலோ எடை கொண்ட எஞ்சினை மலைப்பாதை வளைவுகள் நெடுகிலும் ஏற்றி வருவதும் சிறிய வேலை அல்ல.

மூன்றாம் நிலைப்பாடு: காற்றை நெருக்கி ஊட்டு

இத்தரப்புக்குள்ளேயே மூன்று பிரிவுகள் உள்ளன.

முதலாவது ரூட்ஸ் ஊதி. இது உள்ளே காற்றை நெருக்குவதில்லை. இரண்டு மடல்கள் எதிரெதிராகச் சுழன்று காற்றை வாரி எஞ்சின் பக்கம் தள்ளுகின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் கீழிருந்து விசிறி காற்றைத் தள்ளும்போது இலைப்படுகை அதைத் தடுக்கிறதல்லவா? அதுபோல, எஞ்சின் விழுங்குவதைவிட அதிகமாகத் தள்ளும்போது தடையில்தான் அழுத்தம் பிறக்கிறது. குறைந்த சுற்றிலேயே அழுத்தம் கிடைப்பது இதன் பலம். காற்றை அதிகம் சூடாக்குவது பலவீனம். அமெரிக்கப் பந்தயக்காரர்கள் பெற்றோல் எஞ்சின்களின் மேல் ஏற்றிப் புகழாக்கிய ‘6-71’ ஊதி, ஆறு சிலிண்டர் கொண்ட இரண்டு வீச்சு டீசல் எஞ்சினிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின் ஹிக்கின்ஸ் இறங்குபடகுகளில் உழைத்த டீசல் எஞ்சினும் அதே குடும்பம்தான்.

மலையகத்துக்கும் ரூட்ஸ் ஊதி புதிதல்ல. கனடாவின் உதவியோடு 1954 முதல் வந்து, கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய எம்2 ரயில் எஞ்சின்களில் இருப்பது ஜெனரல் மோட்டர்ஸின் 567 வரிசை இரண்டு வீச்சு டீசல்; அதற்கு மூச்சூட்டுவது ரூட்ஸ் ஊதி. கடல் மட்டத்திலிருந்து பட்டிப்பொலவின் 1,898 மீட்டர் வரை, 44க்கு 1 என்ற சரிவில் ஏறுவது மலையக ரயில் பாதை. ஆனால் இந்த உதாரணத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். இரண்டு வீச்சு எஞ்சினில் ஊதியின் முதல் வேலை புகையை வெளியே தள்ளுவதே. நிலையான விகிதத்தில் சுழலும் ஊதி, மெலிந்த காற்றையும் அதே விகிதத்தில்தான் பெருக்கும். உயரத்தின் இழப்பைத் தானாக ஈடுசெய்யாது. ஊதி இருந்தாலே மலையின் இழப்பு தீர்ந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல திருத்தம்.

இரண்டாவது, மையவிலக்கு சூப்பர்சார்ஜர். சிறியது, இலேசானது, ரூட்ஸைவிடக் காற்றைக் குறைவாகச் சூடாக்குவது. இதன் அழுத்தம் சுற்றெண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பாதிச் சுற்றில் கால்பங்கு அழுத்தம்தான். உச்ச வேகம் தேடும் படகுக்கு இது பொருத்தம், ஏனெனில் நீர் கேட்கும் வலுவும் உச்சச் சுற்றில்தான் செங்குத்தாக ஏறுகிறது. ஆனால் ஆட்களைச் சுமந்து நீரின் மேல் எழத் திணறும் மலைப்படகுக்கு வலு தேவைப்படுவது நடுச்சுற்றில். அங்கே இது அதிகம் உதவாது.

மூன்றாவது, டர்போ. வீணாகும் புகையிலிருந்து வலு எடுப்பதால் உயரத்தில் தன்னைத்தானே ஓரளவு திருத்திக்கொள்வது இதுவே. இலங்கை ரயில்வேயின் 1975ஆம் ஆண்டு எம்4 எஞ்சின்கள் இந்த வழியைச் சேர்ந்தவை. படகில் இதற்கு வரும் தடை வெப்பம். காரில் எதிர்க்காற்று குளிர்விக்கும் டர்போ, படகில் மூடிய பெட்டிக்குள் பெற்றோல் ஆவிக்கு அருகில் செந்நிறமாகக் காய முடியாது. நீர் சுற்றும் உறை வேண்டும். புகைக்குழாயில் கலக்கும் நீர் பின்வாங்கி டர்போவுக்குள் வராதபடி காக்க வேண்டும். வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

கார்புரேட்டர் ஊதிக்கு முன்பா, பின்பா?

நெருக்கூட்டலை ஏற்றுக்கொண்டவர்களும் இந்த இடத்தில் பிரிகிறார்கள். 1921இல் பெர்லின் கண்காட்சிக்குக் கொண்டுவந்த கார்களில் மெர்சிடிஸ், நெருக்கிய காற்றைக் கார்புரேட்டரின் ஊடாகச் செலுத்தும் முறையைக் கையாண்டது. 1924இல் சன்பீம் பந்தயக் கார்கள், கார்புரேட்டரை முன்னே வைத்துக் கலவையை ஊதி இழுக்கும்படி மாற்றின. விமான எஞ்சின்களில் நிலைத்தது இரண்டாவது முறை.

கார்புரேட்டர் முன்னால் இருந்தால் பெற்றோல் ஊதிக்குள் ஆவியாகி, கலவையின் வெப்பத்தைத் தணிக்கிறது. கார்புரேட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே பழையபடி வேலை செய்கிறது. ஆனால் ஊதியிலும் குழாயிலும் எரியக்கூடிய கலவை நிறைந்திருக்கும். ஒரு தீப்பொறி பின்னோக்கி வந்தால் முழுவதும் வெடிக்கலாம். பந்தயப் படகுகளில் உடைந்து அழுத்தத்தை விடுவிக்கும் தகடுகள் இதற்காகவே வைக்கப்படுகின்றன. இன்னொரு நுட்பமும் உண்டு. சுமையேறும்போது கூடுதல் பெற்றோலைத் திறக்கும் பவர் வால்வு, ஊதிக்கு முன்னுள்ள உறிஞ்சலைக் கண்டு ஏமாந்து மூடியே இருந்துவிடலாம். ஊதிக்குப் பின்னுள்ள அழுத்தத்தை அது அறியும்படி தனிக் குழாய் இழுக்காவிட்டால், பெற்றோல் மிகத் தேவைப்படும் நேரத்திலேயே கலவை மெலியும்.

கார்புரேட்டர் பின்னால் இருந்தால், ஊதிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வெறும் காற்றுத்தான் செல்கிறது. இடையில், நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைக்க வசதி. ஆனால் கார்புரேட்டர் முழுவதும் அழுத்தத்துக்குள் வருகிறது. மிதவைக் கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் போக வேண்டும். பெற்றோல் பம்பின் அழுத்தம் எப்போதும் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உள்ளீடற்ற பித்தளை மிதவை நசுங்கக்கூடும். துரொட்டில் தண்டின் ஓரமாகப் பெற்றோல் வெளியே கசியும். காரின் திறந்த எஞ்சின் அறையில் அந்தக் கசிவு காற்றோடு போய்விடும். படகின் அடியறையில் அது தேங்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. போக வழியில்லாமல் தாழ்ந்து படியும். காற்றுவாயில் தீயடக்கியும், எஞ்சினைக் கிளப்புமுன் அடியறைக் காற்றை வெளியேற்றும் விசிறியும் இல்லாத படகில் இந்த முறையைச் சிந்திக்கவே கூடாது.

படகுக்கு இறக்கம் இல்லை

காருக்குச் சரிப்பட்டது படகுக்கும் சரிப்படும் என்ற வாதம் இங்கேதான் சறுக்குகிறது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வாகனம் இழுத்து இழுத்து ஏறினாலும், திரும்பும்போது எஞ்சின் ஓய்வெடுக்கிறது. சாதாரண ஓட்டத்தில் காரின் சூப்பர்சார்ஜர் முழு அழுத்தத்தில் இருப்பது சில விநாடிகளே. படகு எப்போதும் ஏற்றத்திலேயே போகிறது. துரொட்டிலை விட்டால் நிற்கும். ஓட வேண்டுமானால் சுமந்தே தீர வேண்டும். நெருக்கிய காற்றின் வெப்பமும் அழுத்தமும் நிமிடக்கணக்கில் பிஸ்டன் மேலும் வால்வு மேலும் நிற்கின்றன.

அதன் விளைவு தட்டல். தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்னே மிச்சக் கலவை தானாக வெடிக்கும்போது உலோகம் அடிபடுகிறது. நீடித்தால் பிஸ்டன் துளையாகும். இதற்கு எதிரான வழக்கமான பாதுகாப்புகள் மூன்று: சுருக்க விகிதத்தைக் குறைப்பது, தீப்பொறியைப் பின்தள்ளுவது, அதிக ஒக்டேன் பெற்றோல். இலங்கையில் பரவலாகக் கிடைப்பவை 92, 95 ஒக்டேன். மலை இங்கே ஒரு சலுகை தருகிறது: காற்று மெலிந்திருப்பதால் சாதாரண எஞ்சினுக்கு உயரத்தில் தட்டல் அபாயம் குறைவு. அமெரிக்காவின் மலை மாநிலங்களில் ஒக்டேன் குறைந்த பெற்றோல் நெடுங்காலமாக விற்பனையாவதற்கு அதுவே காரணம். ஆனால் காற்றை நெருக்கத் தொடங்கிய உடனே அந்தச் சலுகை கைமாறிப் போகிறது.

எவ்வளவு போகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். 16 பாகைக் காற்றை இழுக்கும், 60 சதவீதத் திறன் கொண்ட ஊதி, இன்டர்கூலர் இல்லை, பெற்றோல் ஆவியாதலின் குளிர்ச்சியைச் சேர்க்கவில்லை. கிரகரி வாவியில் கடல் மட்ட அழுத்தத்தை மீட்க, சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தல் போதும். காற்று சுமார் 48 பாகைக்குச் சூடேறும். கடல் மட்டத்தைவிட அரை வளிமண்டலம் கூடுதலான அழுத்தத்தை அதே வாவியில் உண்டாக்க முயன்றால், அது 110 பாகையைத் தாண்டும். கொழும்பின் 30 பாகைக் காற்றிலிருந்து அதே அழுத்தத்துக்குப் போனால் 90 பாகை அளவுதான். குளிர்ந்த ஊரில் தொடங்கியும் மலையில் அதிகம் சூடேறுகிறது, ஏனெனில் மெலிந்த காற்றை இன்னும் அதிக மடங்கு நெருக்க வேண்டியிருக்கிறது. மலைக்குளிர் காப்பாற்றும் என்ற பரவலான நம்பிக்கை சிறிய அழுத்தத்தில் உண்மை. பெரிய அழுத்தத்தில் செல்லாது.

நீரும் கரையும்

எஞ்சினின் நலனோடு இந்தக் கேள்வி முடிவதில்லை. தட்டலைத் தவிர்க்க நெருக்கூட்டிய கார்புரேட்டர் எஞ்சினுக்குச் செறிந்த கலவையே தரப்படுகிறது. செறிந்த கலவையில் காபன் மொனொக்சைட் கூடும். மெதுவாக ஓடும் படகின் பின்புறத்தில் அமர்ந்திருப்பவர்கள் அதைச் சுவாசிப்பார்கள். எரியாத பெற்றோலும் எண்ணெயும் நீரில் சேரும்.

கலிபோர்னியா, நெவாடா எல்லையில் உள்ள தாஹோ ஏரி 1,897 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய பட்டிப்பொலவின் உயரத்திலேயே உள்ளது. அங்கே ‘தண்டர்பேர்ட்’ என்ற படகுக்கு 1960களில் இரண்டு அலிசன் விமான எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. அவையும் கார்புரேட்டரும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்தவையே. பெருஞ்செலவும் தொடர்ந்த கவனிப்பும் இருந்தால் மலையேரியில் இது கூடும் என்பதற்கு அது சான்று. அதே ஏரியில்தான் 1999இல் கார்புரேட்டர் கொண்ட இரண்டு வீச்சுப் படகு எஞ்சின்களுக்குத் தடை வந்தது. தெளிந்த நீரைக் காப்பதே அதன் நோக்கம். நம் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் நீர் மின்சாரமாகி, மகாவலியோடு சேர்ந்து கீழ்நாட்டு வயல்களுக்கும் போகிறது. மேலே விடப்படும் ஒவ்வொரு துளி எண்ணெய்க்கும் கீழே ஒரு முகவரி உண்டு.

கேள்வியையே மாற்றும் இரண்டு விடைகள்

2004இல் சீ-டூ நிறுவனம் சூப்பர்சார்ஜர் பூட்டிய 215 குதிரைவலு ஜெட் ஸ்கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கவாசாகி 2007இலும் யமஹா 2008இலும் அதே வழியில் வந்தன. நீரில் சூப்பர்சார்ஜர் சாத்தியம்தானா என்ற ஐயத்தைச் சந்தை தீர்த்துவிட்டது எனலாம். ஆனால் இவை எதிலும் கார்புரேட்டர் இல்லை. பெற்றோலை மின்னணு முறையில் பீச்சும் எஞ்சின்கள் இவை. காற்றின் அழுத்தத்தை உணர்கருவி அளந்து, உயரத்துக்கேற்பக் கலவையைத் தானே திருத்துகிறது. கார்புரேட்டரோடு சூப்பர்சார்ஜர் என்ற இணைப்பின் முக்காற்பங்குச் சிக்கல் இதனால் மறைந்துவிடுகிறது. பழைய எஞ்சினை வைத்திருப்பவருக்கு இது செலவுமிக்க மாற்றம் என்பதே இதற்கெதிரான வாதம்.

இரண்டாவது விடை மின்மோட்டார். அதற்குக் காற்றே தேவையில்லை. கொக்கலையிலும் கிரகரி வாவியிலும் ஒரே வலு. 2012இல் தொடங்கிய மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாட் திறன் கொண்டது. அதைச் சுழற்றுவது அக்கரப்பத்தனை வழியே வரும் நீரும்தான். அந்த நீரின் மின்சாரத்தில் அந்த நீரின் மேலேயே படகு ஓடுவது பொருத்தமான காட்சி. மெதுவான உலாப் படகுக்கு இது இன்றே ஏற்ற தீர்வு. நீரின் மேல் எழுந்து பாயும் வேகப் படகுக்குப் பற்றரியின் பாரமும் ஓடும் நேரமும் இன்னும் தடை.

மதிப்பீடு

நிலைப்பாடுகள் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றினாலும், அவற்றுள் பெரும்பாலானவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. மலையில் சூப்பர்சார்ஜர் செய்யக்கூடிய வேலைகள் இரண்டு. ஒன்று, மலை எடுத்ததைத் திருப்பித் தருவது. மற்றது, கடல் மட்டத்திலும் இல்லாத வலுவைச் சேர்ப்பது. பைக்ஸ் சிகரத்தில் மொஸ் செய்தது முதல் வேலை; பந்தயப் படகுகள் தேடியது இரண்டாவது. ஒன்றின் வெற்றியை மற்றதற்குச் சான்றாகக் காட்டுவதே இந்த விவாதத்தின் பழைய பிழை.

முதல் வேலைக்கு ஆதரவான வாதம் வலுவானது. 3 இறாத்தல் அளவிலான அழுத்தத்தில் எஞ்சின் தன் பிறந்த இடத்துச் சுமையையே மீண்டும் சுமக்கிறது. கார்புரேட்டர் முன்னால் இருக்கும் முறை, நடுச்சுற்றில் உதவும் ரூட்ஸ் வகை, குளிர்ந்த வாவி நீர் ஓடும் இன்டர்கூலர், ஒழுங்கான தீயடக்கி ஆகியவை சேர்ந்தால் அது ஏற்கத்தக்க பொறியியல். ஆனாலும் ஜெட்டையும் புரொப்பெல்லரையும் சரிசெய்து பார்த்த பிறகே அந்தப் படிக்கு வருவது நியாயம். பலருக்கு அந்த முதற்படியே போதுமானதாக இருக்கும்.

இரண்டாம் வேலைக்கு, சாதாரண பெற்றோலோடு பழைய கார்புரேட்டர் எஞ்சினை மலையில் பயன்படுத்துவதற்கு, சான்றுகள் சாதகமாக இல்லை. செய்தவர்களிடம் விமானத் தர எஞ்சினும், சிறப்பு எரிபொருளும், பிரித்துப் பார்க்கும் கைகளும் இருந்தன.

திறந்து நிற்பவை இரண்டு. சிறிய அழுத்தமானாலும் ஓய்வில்லாத படகுச் சுமையில் பழைய எஞ்சின் எத்தனை பருவங்கள் தாங்கும் என்பது ஒன்று. தேயிலைச் சரிவுகளிலிருந்து மழையோடு வரும் வண்டல் கலந்த நீர், இன்டர்கூலரின் நுண்குழாய்களை எவ்வளவு விரைவில் அடைக்கும் என்பது இன்னொன்று. இவற்றுக்கான விடை கடலோரப் பந்தயக் களத்திலிருந்து வர இயலாது. மலைநாட்டு வாவிகளில் உழைக்கும் படகுகளின் பராமரிப்புக் குறிப்பேடுகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து ஒப்பிட்டால்தான் அந்த விடை உருவாகும். அதுவரை, இழந்ததை மட்டும் திருப்பிக் கேட்பதே மலையில் நிற்கும் எஞ்சினுக்கும், அதில் ஏறும் மனிதருக்கும், அது மிதக்கும் நீருக்கும் பாதுகாப்பான எல்லை.